சிவப்பு அட்டையின் சொந்தக்காரர்

பர்ரனில்லா ஊர்க் கவுன்சிலின் மக்கள் சேவை மையத்தில் பொதுமக்களுக்கென்று ஒரே ஒரு கணினி இருந்தது. அதற்குப் புதுத் திரை இருந்தது, புது விசைப்பலகை இருந்தது, புது மவுஸ் இருந்தது. "உங்கள் டிஜிட்டல் பயணம் இங்கே தொடங்குகிறது" என்று தலைக்கு மேலே ஒரு பலகையும் இருந்தது. அதற்கு மின்சாரம் மட்டும் இல்லை. மின்சாரம் போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. அந்த ஐந்து வாரத்தில்தான் திரையும் விசைப்பலகையும் மவுஸும் பலகையும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

ஜனவரி மாதம், அந்தப் பக்கத்தில் உச்சக் கோடை, ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு டெல்ரே பாசெட் பழுப்பு உறை ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அறுபத்து நாலு வயது. ஆட்டுக் கம்பளி கத்தரிக்கிற ஆட்களுக்கு முப்பது வருஷம் சமைத்துப் போட்டவள். உறைக்குள் டாக்டர் கடிதம். அவள் புருஷன் ரெக்கின் வலது கண் போன வருஷமே போய்விட்டது, இடது கண் போய்க்கொண்டிருந்தது. பதினாலு மாதம் காத்திருந்து, கடற்கரைப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்கு ஒரு தேதி கிடைத்திருந்தது. அந்தத் தேதி நிலைக்க வேண்டுமானால், கடிதத்தை நகலெடுத்துச் சேர்த்து, இணையத்தில் ஒரு படிவத்தை அன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். தவறினால் தேதி வேறொருவருக்குப் போகும், ரெக்கின் பெயர் வரிசையின் வாலுக்குப் போகும். இன்னொரு பதினாலு மாதம் அந்தக் கண் தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

தொலைபேசியில் கேட்டுப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்காரி, "எல்லாம் ஆன்லைன்லதாம்மா, உங்க வசதிக்காகத்தான்" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஊர்க் கைபேசிக் கோபுரத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இடி விழுந்தது, இன்னும் எழவில்லை. பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்தது. இணையத்துக்குச் செயற்கைக்கோள் தட்டு உள்ள ஒரே கட்டடம் இந்த மையம்தான்.

"ஜனீன், கம்ப்யூட்டர் வேணும்," என்றாள் டெல்ரே.

மேசைக்குப் பின்னால் இருந்த ஜனீன் அவளோடு ஒன்றாம் வகுப்பு படித்தவள். அவளுடைய பதவியின் பெயர் வாடிக்கையாளர் அனுபவ அலுவலர். அப்போதுதான் ஊழியர் அறையிலிருந்து தேநீர்க் கோப்பையோடு வந்திருந்தாள்.

"அது ஸ்டார்ட் ஆகல டெல்."

"ஏன்?"

"தெரியலையே. கண்டுபிடிச்சிட்டிருக்காங்க."

டெல்ரே குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். கணினியின் கம்பி ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குப் போனது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பிளக் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டுத் தரையில் கிடந்தது. பிளக்கில் ஒரு சிவப்பு அட்டை கட்டியிருந்தது.

"பிளக் மாட்டல ஜனீன்."

"அது தெரியும். அது பாதுகாப்புப் பிரிவு விஷயம். ஸ்டார்ட் ஆகாதது கம்ப்யூட்டர் பிரிவு விஷயம். ரெண்டும் வேற வேற."

டெல்ரே மண்டியிட்டு அட்டையைப் படித்தாள். அபாயம். இயக்காதே. இந்த அட்டையில் பெயர் உள்ளவர் மட்டுமே இதை அகற்றலாம். அதற்குக் கீழே பெயர்: கோலின் ட்ரஜியன்.

வேறு ஊராக இருந்தால் யாராவது அந்த அட்டையைப் பிய்த்தெறிந்துவிட்டு பிளக்கை மாட்டியிருப்பார்கள். பர்ரனில்லா சுரங்க ஊர். ரெக் சுரங்கத்தில் இருபத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தவன். ஒருநாள் அவன் கல் உடைக்கிற இயந்திரத்தின் வயிற்றுக்குள் படுத்து அதன் இரும்புப் பற்களை மாற்றிக்கொண்டிருந்தபோது, மேலே புதிதாக வந்த மேற்பார்வையாளன் ஒருவன் இயந்திரத்தை ஓட்டச் சொல்லிக் கத்தினான். சுவிட்சில் ரெக்கின் பெயர் போட்ட சிவப்பு அட்டை தொங்கியது. பக்கத்தில் நின்ற எலெக்ட்ரீஷியன் கையைக் கட்டிக்கொண்டு, "இது என் அட்டை இல்ல" என்று சொல்லிவிட்டான். அந்த எலெக்ட்ரீஷியன்தான் கோலின். அடுத்தவன் அட்டையைத் தொடுவது இந்த ஊரில் அடுத்தவன் கழுத்தில் கை வைப்பதற்குச் சமம். டெல்ரே கையை இழுத்துக்கொண்டாள்.

"ஜனீன், கோல் செத்துப்போயிட்டான்."

"தெரியும் டெல். அடக்கத்துக்கு வந்தவங்களுக்குச் சான்ட்விச் நான்தான செஞ்சு கொண்டுவந்தேன்."

சுரங்க வேலைக்குப் பிறகு கவுன்சிலில் மின்வேலை பார்த்துவந்த கோலின், இந்த அட்டையைக் கட்டின அன்று மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போனான். நாற்காலியில் உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை.

ஐந்து வாரமாக என்னதான் செய்தார்கள் என்று டெல்ரே கேட்டாள். ஜனீன் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். முதல் வாரம் தலைநகரத்து உதவி மையத்தை அழைத்தார்கள். ஆன் பொத்தானை முப்பது விநாடி அழுத்தச் சொன்னார்கள், ஜனீன் முப்பது விநாடி அழுத்தினாள். இரண்டாம் வாரம் அறுபது விநாடி. பிளக் மாட்டியிருக்கிறதா என்று அவர்களும் கேட்டிருக்கிறார்கள். அட்டை விஷயத்தை ஜனீன் சொன்னதும், அந்தக் கேள்விக்கு "பொருந்தாது" என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். பிறகு புதுத் திரை அனுப்பினார்கள். நாலாம் வாரம் ஒரு தொழில்நுட்ப வல்லுநர் விமானத்தில் வந்தார். ஒரு மணி நேரம் பார்த்தார். "மின்சாரம் வரவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு அதே விமானத்தில் திரும்பினார். அந்த அறிக்கை சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தது.

"உன் மேசையில இருக்கே, அந்தக் கம்ப்யூட்டர்ல அஞ்சு நிமிஷம் குடேன்."

"ஐயோ, அது ஊழியர் கம்ப்யூட்டர். வெளியாள் தொட்டா வேலை போயிடும். நீ ஃபெர்கஸ்கிட்டப் பேசு."

ஃபெர்கஸ் டன்ஸ்டன் பாதுகாப்பு, பண்பாடு மற்றும் டிஜிட்டல் பயண மேலாளர். திங்கள் முதல் வெள்ளி வரை இந்த ஊரில், மற்ற நாட்களில் கடற்கரையில். நாற்பது வயதிருக்கும். காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்போதும் பளபளக்கிற மஞ்சள் சட்டையைக் கழற்றாதவர். டெல்ரே சொன்னதையெல்லாம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"உங்க வருத்தம் எனக்குப் புரியுது டெல்ரே. ஆனா ஒண்ணு சொல்லணும். இந்த அஞ்சு வாரத்துல இந்தக் கம்ப்யூட்டரால ஒருத்தருக்கும் ஒரு சின்னக் காயம்கூட இல்ல. கவுன்சில் வரலாத்துலயே இவ்வளவு பாதுகாப்பான கம்ப்யூட்டர் இருந்ததில்ல. மத்த ஊர்லேருந்து கேட்டு எழுதறாங்க."

"அது ஓடவே இல்லையே."

"அதைத்தான் சொல்றேன்."

அட்டையின் சொந்தக்காரர் இல்லாதபோது அகற்றுவதற்கு வழிமுறை உண்டு, எட்டுப் படிகள், என்றார். ஐந்து வாரமாக ஏன் யாரும் முதல் படியில் கால் வைக்கவில்லை என்று டெல்ரே கேட்டாள். பொதுமக்களில் ஒருவர் எழுத்து மூலம் கோரினால்தான் வழிமுறை தொடங்கும். கோரிக்கைப் படிவம் பொதுக் கணினியில் இருக்கிறது.

டெல்ரே டாக்டர் கடிதம் வந்த உறையின் முதுகில், "அட்டையை எடுங்கள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் முன்னால் வைத்தாள். ஃபெர்கஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மக்கள் பங்கேற்பு என்பது இதுதான் என்று மனமாரப் பாராட்டினார்.

இரண்டாம் படி, சொந்தக்காரரை ஒரு மணி நேர இடைவெளியில் மூன்று முறை தொலைபேசியில் அழைப்பது.

"செத்தவனுக்கு எதுக்குய்யா போன்?"

"அவர் இறந்துட்டார்னு நமக்கு ஊர்ப்பேச்சா தெரியும். வழிமுறைப்படி தெரியாது."

பத்தே முக்காலுக்கு ஜனீன் எண்களை அழுத்தினாள். கோலின் மனைவி மேவிஸ் எடுத்தாள். ஜனீன் கையிலிருந்த தாளைப் பார்த்து, கோலின் ட்ரஜியன் இருக்கிறாரா என்று வாசித்தாள்.

"ஜனீன், உனக்கு வெயில் ஏறிடுச்சா?"

"சொந்தக்காரர் தற்போது இல்லை" என்று ஜனீன் குறித்துக்கொண்டாள். பதினொன்றே முக்காலுக்கு மறுபடி அழைத்தபோது மேவிஸ் சொன்ன வார்த்தைகளை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. மூன்றாம் முறை மேவிஸ் எடுக்கவே இல்லை. புருஷனை இழந்து அழுகிற பெண்ணின் வீட்டை மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு, ஃபெர்கஸ் திருப்தியோடு மூன்று கட்டத்திலும் சரிக்குறி போட்டார். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றாகப் போயிற்று.

மூன்றாம் படி, நாலாம் படி எல்லாம் ஜனீனும் ஃபெர்கஸும் ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போட்டுக்கொள்வது. அதற்கு ஒரு மணி நேரம் ஆனது. ஐந்தாம் படியில் ஃபெர்கஸின் புருவம் சுருங்கியது. சொந்தக்காரர் கவுன்சிலின் பணியிடத்தை விட்டு வெளியேறிவிட்டார் என்று நேரில் உறுதி செய்ய வேண்டும்.

"அவரை எங்க புதைச்சாங்க?"

"ஊர்க் கல்லறைத் தோட்டத்துல," என்றாள் ஜனீன்.

"அது யாரோட பராமரிப்பு?"

ஜனீன் தேநீரைக் கீழே வைத்தாள். "நம்ம கவுன்சிலோடது."

ஃபெர்கஸ் நாற்காலியில் சாய்ந்தார். "அப்போ அவர் இன்னும் பணியிடத்துலதான் இருக்கார்."

ஆள் கிண்டல் பண்ணுகிறான் என்றுதான் டெல்ரே முதலில் நினைத்தாள். ஃபெர்கஸ் ஹெல்மெட்டை எடுத்து மாட்டியபோதுதான் விளங்கியது.

இரண்டரை மணி வெயிலில் மூன்று பேரும் கல்லறைத் தோட்டத்தில் நின்றார்கள். டெல்ரேவுக்கும் மஞ்சள் சட்டை மாட்டிவிட்டிருந்தார்கள். வாசலில் ஃபெர்கஸ் பாதுகாப்பு உரை நிகழ்த்தினார். அங்குள்ள அபாயங்களை வரிசையாகச் சொன்னார்: மேடு பள்ளமான தரை, பழுப்புப் பாம்பு, வெயில், துக்கம். துக்கம் நடுத்தர அபாயம் என்றும், ஏற்பட்டால் உடனே மேலாளரிடம் தெரிவிக்க வேண்டும் என்றும் சொன்னார். பிறகு கோலின் படுத்திருந்த செம்மண் மேட்டருகே போய், ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு, வழிமுறையில் சொல்லியிருந்தபடி உரக்க மூன்று தடவை கூப்பிட்டார்.

"கோலின் ட்ரஜியன்! கோலின் ட்ரஜியன்! கோலின் ட்ரஜியன்!"

மரத்தில் இருந்த காக்கட்டூக் கிளிகள் கத்திக்கொண்டு பறந்தன. பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது விதி, காத்திருந்தார்கள். ஈ மொய்த்தது. மேவிஸ் வைத்துவிட்டுப் போன பிளாஸ்டிக் பூக்கள் வெயிலில் வெளுத்திருந்தன. ஊரில் எந்த வீட்டில் காற்றாடி நின்றாலும் கூப்பிடாமலே ஏணியோடு வந்து நிற்கிற மனுஷன் அவன். அவனை இப்படி வெயிலில் நின்று ஏலம் போட்டுக் கூப்பிடுகிறார்களே என்று நினைத்தபடி டெல்ரே குனிந்து அந்தப் பூக்களை நிமிர்த்தி வைத்தாள். துக்கம் ஏற்பட்டதை அவள் மேலாளரிடம் தெரிவிக்கவில்லை.

ஃபெர்கஸ் எழுதினார்: "சொந்தக்காரர் பணியிடத்தில் உள்ளார். பதிலளிக்கவில்லை."

"இனி?" என்றாள் டெல்ரே.

"ஆள் பணியிடத்துல இருக்கும்போது அவர் அட்டையை நாங்க எடுக்க முடியாது. அடுத்த வாரம் குழு கூடும். திங்கள் லீவு, அதனால செவ்வாய்."

"இன்னைக்கு அஞ்சு மணியோட என் புருஷன் கண்ணு போயிடும். கேக்குதா உனக்கு? கண்ணு!"

"டெல்ரே, எங்க ஊழியர்கள்கிட்ட குரலை உயர்த்திப் பேசறதை இந்தக் கவுன்சில் சகிச்சுக்காது. வாசல்லயே எழுதிப் போட்டிருக்கோம்."

மையத்துக்கு எதிரில் மதுக்கடை. அதன் வராந்தா நிழலில், நாய் காலடியில் படுத்திருக்க, ரெக் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தான். பழைய சுரங்கத் தொழிலாளிகள் நாலைந்து பேர் கூட இருந்தார்கள். டெல்ரே வந்து பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மணி மூன்றே முக்கால்.

ரெக் அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். "கோல் அட்டையை நீ தொடலையே?"

"தொடல."

"நல்லது." நாயின் தலையைத் தடவினான். "நான் மெஷினுக்குள்ள இருந்தப்போ அந்த அட்டை என்னைக் காப்பாத்துச்சு. இது இப்போ யாரைக் காப்பாத்துது டெல்?"

"ஃபெர்கஸை."

வராந்தாவில் யாரோ கனைத்தார்கள். ரெக் சிரிக்கவில்லை. "நம்ம வண்டி டேஷ்போர்டுல பாரு. பழைய அட்டை ஒரு கட்டு கிடக்கும். அந்தாள் வண்டி எங்க நிக்குது?"

ஃபெர்கஸின் வெள்ளைக் கவுன்சில் வண்டி மையத்து வாசலில் நின்றது. பர்ரனில்லாவில் யாரும் வண்டியைப் பூட்டுவதில்லை. டெல்ரே அட்டைக் கட்டோடு போய்க் கதவைத் திறந்து, ஸ்டியரிங்கில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டினாள். பெயர்: டெல்ரே பாசெட். நேரம்: மூன்று ஐம்பத்தைந்து. காரணம்: ஓட்டுநருக்குக் கண் தெரியவில்லை.

நாலு மணி அடித்ததும் ஃபெர்கஸ் பெட்டியோடு வெளியே வந்தார். கதவைத் திறந்தார், நின்றார்.

"டெல்ரே, இது என்ன?"

"அபாய அட்டை."

"எடுங்க இதை."

"கட்டாயம் எடுக்கறேன். எழுத்து மூலம் விண்ணப்பம் குடுங்க. அப்புறம் என் வீட்டுக்கு மூணு தடவை போன் பண்ணுங்க. ஒரு மணி நேர இடைவெளி விட்டு."

"நீங்க இங்கதானே நிக்கறீங்க!"

"ஆமா, பணியிடத்துலதான் இருக்கேன். ஆனா பதிலளிக்கல."

வராந்தாவில் சிரிப்பு வெடித்தது. ஃபெர்கஸின் கழுத்து சிவந்தது. "எனக்கு ஆறு மணி நேரம் ஓட்டணும். லாங் வீக்கெண்ட். குடும்பம் காத்திட்டிருக்கு. விதின்னா எல்லாத்துக்குமா? அவசியம்னு ஒண்ணு இருக்குல்ல?" என்று சொல்லிக்கொண்டே பைக்குள்ளிருந்து சின்னக் கத்தியை எடுத்து, கயிற்றை ஒரே இழுப்பில் அறுத்து, அட்டையைத் தெருவில் எறிந்தார்.

சிரிப்பு நின்றது. வராந்தாவில் இருந்த ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். அடுத்தவர் பெயர் போட்ட அட்டையை ஒருவன் வெட்டி எறிவதை அவர்கள் ஆயுசில் பார்த்ததில்லை. ரெக்குக்கு ஒருவன் காதில் சொன்னான். ரெக் தரையில் காறித் துப்பினான்.

டெல்ரே புழுதியிலிருந்து அட்டையை எடுத்துத் தட்டினாள். "ரொம்ப நன்றி ஃபெர்கஸ். எப்படி எடுக்கறதுன்னுதான் காலைலேருந்து கேட்டிட்டிருந்தேன்."

அவள் உள்ளே நுழைந்தபோது ஜனீன் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்து முடித்திருந்தாள். மேசை மேலிருந்த கத்தரிக்கோலை டெல்ரே பக்கமாக ஒரு விரலால் நகர்த்திவிட்டு, நகல் எடுக்கிற இயந்திரத்தின் மூடியைத் திறந்து வைத்தாள்.

டெல்ரே மேசைக்கு அடியில் புகுந்து, "மன்னிச்சிடு கோல்" என்று முணுமுணுத்துவிட்டுக் கயிற்றை வெட்டினாள். பிளக்கைச் செருகி சுவிட்சைத் தட்டினாள். ஐந்து வாரமாக எத்தனையோ பேர் ஆராய்ந்த கணினி, மறு விநாடி இரைந்துகொண்டு எழுந்தது. படிவம் பதினொரு பக்கம். மனுதாரர் இந்தப் படிவத்தைத் தாமே படிக்கக் கூடியவரா என்று ஏழாம் பக்கத்தில் கேட்டிருந்தார்கள். ஜனீன் வாசித்துச் சொல்ல, டெல்ரே ஒரு விரலால் தட்டினாள். நாலு ஐம்பத்தொன்றுக்கு, "பெறப்பட்டது" என்று ஒரு நீண்ட எண் திரையில் வந்தது. அதை எழுதிக்கொள்ள, அவசரத்தில் கைக்குக் கிடைத்த கோலின் அட்டையின் முதுகைத் திருப்பினாள்.

முதுகில் ஏற்கெனவே எழுதியிருந்தது. தொடக்கூடாது என்பதால் ஐந்து வாரமாக யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. கோலின் கோணல் கையெழுத்து.

"டீ கெட்டிலும் இந்த பாக்ஸ்லதான் மாட்டியிருக்கு. கெட்டில் ஒழுகுது. சாப்பிட்டு வந்து வேற மாத்தறேன். அதுக்கப்புறம் பிளக்கை மாட்டிக்கலாம்."

டெல்ரே அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு ஊழியர் அறையின் திறந்த கதவு வழியாகப் பார்த்தாள். அங்கே மேடையில் பளபளவென்று ஒரு புதுக் கெட்டில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"ஜனீன், அது எப்போ வாங்கினது?"

ஜனீன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். "கோல் போன அன்னைக்கே. ஒரு மணி நேரத்துல வந்துடுச்சு, அந்த ரூம்ல வேற பிளக்ல மாட்டிக்கிட்டோம். டீ இல்லாம எப்படி டெல்?"

ஃபெர்கஸ் இன்னும் போகவில்லை. வாசலில் சம்பவ அறிக்கைப் படிவத்தோடு நின்றார். "இது ரொம்பப் பெரிய விதிமீறல். மின்சாரம் குடுத்தது யாருன்னு நான் பதிவு பண்ணணும்."

"எழுதிக்க. கோலின் ட்ரஜியன். சாப்பிட்டு வந்தாச்சு, வேலை முடிஞ்சுது." அட்டையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "படி. உனக்குத்தான் ரெண்டு கண்ணும் இருக்கே, படி! ஒரு கெட்டிலுக்காக அஞ்சு வாரம். உங்க டீ ஒரு மணி நேரம் நிக்கல. என் ரெக் முழுசா இருட்டாகிப் போகலாம், இல்ல? மேவிஸை மூணு தடவை அழ வைக்கலாம், இல்ல? வெட்கமா இல்ல உனக்கு?"

ஃபெர்கஸ் படித்தார். அது கவுன்சிலின் ஆவணம் என்றும், ஒப்படைக்க வேண்டும் என்றும் மட்டும் சொன்னார். டெல்ரே அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஊழியர் அறைக்குள், கெட்டில் பக்கமாகப் போனாள். வெளியே வரும்போது அவள் கையிலிருந்த அட்டைக் கட்டில் ஒன்று குறைந்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

அன்று மாலையே, கடற்கரைக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி, ஃபெர்கஸ் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். இனி எந்தச் சூழலிலும், எந்தக் காரணத்துக்காகவும், எந்த நிலையிலுள்ள அலுவலரும் பெயர் போட்ட அபாய அட்டையை வெட்டக் கூடாது. எட்டுப் படிகளும் முழுமையாகப் பின்பற்றப்பட வேண்டும். டெல்ரே பாசெட் ஓராண்டுக்கு மையத்துக்குள் நுழையத் தடை விதிக்கப்படுகிறது.

செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, மையத்தில் எல்லோரும் தேநீருக்கு எழுந்திருக்கிற நேரத்துக்கு, டெல்ரே வீட்டுத் தொலைபேசி அடித்தது. சமையலறையில் அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். ரெக் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தான்.

"எடுக்கட்டுமா டெல்?"

"உக்காரு. இது முதல் தடவைதான்."